அத்தியாயம் 4: மூக்குத்தி எங்கே போனது?

போட்டோஷாப்பைத் திறந்ததும் இடது ஓரத்தில் ஒரு பட்டை நிற்கும். கண்ணுக்குத் தெரிவது இருபது சொச்சம் கருவிகள். பெரும்பாலானவற்றின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்தால் உள்ளேயிருந்து இன்னும் மூன்று நான்கு எட்டிப் பார்க்கும். எல்லாம் சேர்ந்தால் அறுபதைத் தாண்டும். கம்ப்யூட்டர் சென்டர்களில் இவற்றை மேலிருந்து கீழாக வரிசையாகச் சொல்லித்தருவார்கள். முதல் நாள் மூவ் டூல், இரண்டாம் நாள் மார்க்கீ, மூன்றாம் நாள் லாஸோ. மூன்று மாதம் கழித்துச் சான்றிதழோடு ஸ்டுடியோவுக்கு வேலைக்கு வரும் பையனிடம் கிழிந்த படம் ஒன்றைக் கொடுத்தால், எதை எடுப்பது என்று தெரியாமல் பட்டையிலேயே மவுஸை உலாத்திக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு என்று பெயரை மட்டும் ஒப்பித்துவிட்டு வந்தவனால் சுவர் எழுப்ப முடியுமா?

அதனால் இந்த அத்தியாயத்தில் கருவிப்பட்டையை வரிசையாக வாசிக்கப்போவதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அது எந்தக் கருவியைக் கேட்கிறதோ அதை மட்டும் எடுப்போம்.

நான் எடுத்திருப்பது சிறு ஊர் ஸ்டுடியோக்களுக்கு மாதம் தவறாமல் வரும் வேலை. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிடுவார். சுவரில் மாட்ட நல்ல படம் இருக்காது. பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் குடைந்து, எப்போதோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தேடிக் கொண்டுவருவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் மடிப்பு விழுந்திருக்கும், ஓரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், மொத்தமாக மஞ்சள் பூத்திருக்கும். "பதினாறாம் நாளுக்குள்ள வேணும் தம்பி, மாலை போடுற அளவுக்குப் பெருசா" என்பார்கள்.

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் அப்படி ஒரு படம் என் கைக்கு வந்தது. ஓர் அம்மாவின் மார்பளவுப் படம். நெற்றி, கன்னம், புடவை என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைப் புள்ளிகள். ஸ்பாட் ஹீலிங் பிரஷ் எனக்கு அப்போது புது விளையாட்டு. புள்ளியின் மேல் வைத்து ஒரு தட்டு தட்டினால் புள்ளி மறையும். தட்டிக்கொண்டே போனேன். அரை மணி நேரத்தில் முகம் புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. பிரின்ட் போட்டு, ஃபிரேமும் போட்டு வைத்தேன். மகள் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, எங்கம்மா மூக்குத்தி எங்க?"

மூக்கின் மேல் இருந்த வெள்ளைப் புள்ளி பூஞ்சை இல்லை. அதைவிட மோசம், தனி லேயர் எதுவும் போடாமல் ஸ்கேன் செய்த படத்தின் மேலேயே வேலை பார்த்து, ஜேபெக்காகச் சேமித்து மூடியிருந்தேன். திரும்பிப் போக வழியே இல்லை. அசலை மறுபடி வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். கீழே சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் அந்த அம்மாவின் மகள் கேட்ட கேள்விக்குப் பதில்தான்.

கம்ப்யூட்டருக்கு முன்னால்

படத்தை வாங்கியதும் ஸ்கேனர் மூடியைத் திறக்காதீர்கள். கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள். மூக்குத்தி ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? மச்சம் எங்கே? கன்னத்தில் தெரியும் கோடு தழும்பா, படத்தில் விழுந்த கீறலா? நெற்றியில் இருப்பது பொட்டா, மைக்கறையா? கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டதை ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு பின் போட்டு வையுங்கள். இந்தச் சீட்டுக்கு ஷார்ட்கட் கிடையாது.

சில படங்கள் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிய்த்தெடுக்க நினைக்கவே வேண்டாம். முகத்தின் தோல் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன்: கறுப்பு வெள்ளையைக் கலரில்

அளவுக் கணக்கு எளிது. படம் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 600 க்கு 900 பிக்சல்தான் கிடைக்கும். அதைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். 1200 டிபிஐயில் எடுத்தால் 2400 க்கு 3600. அதை 12 க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சல் வருகிறது. சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும். அதற்கு மேல் 2400, 4800 என்று ஏற்றிக்கொண்டே போனால் காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும். அந்தச் சின்னப் படத்துக்குள் அவ்வளவு விவரம் கிடையாது.

ஸ்கேனரில் 16 பிட் என்று ஒரு தேர்வு இருந்தால் அதை எடுங்கள். சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். வெளிறிப்போன படம் அதில் நடுவில் உள்ள நூறு படிகளை மட்டும் பயன்படுத்திக்கொண்டு சாம்பலாகக் கிடக்கும். பிறகு நீங்கள் அதை இரண்டு பக்கமும் இழுத்து விரிக்கும்போது படிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, பின்னணிச் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் படிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இழுவை தாங்கும்.

அடுத்ததுதான் பலர் தவறவிடும் இடம். படம் கறுப்பு வெள்ளைதானே என்று ஸ்கேனரை கிரேஸ்கேலில் வைக்காதீர்கள். கலரிலேயே எடுங்கள். எடுத்து, லேயர் பேனலுக்குப் பக்கத்தில் இருக்கும் சேனல்ஸ் என்ற தாளைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சொடுக்கிப் பாருங்கள். நீலச் சேனலில் மஞ்சள் கறை கரிப்பிடித்த மாதிரி கருகித் தெரியும். சிவப்புச் சேனலுக்குப் போனால் அதே கறை கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். காரணம் சாதாரணமானது. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை விழுங்கிவிடும். சிவப்பைத் திருப்பி அனுப்பும். பூஜை அறையில் இருந்த படத்தில் குங்குமம் ஈஷியிருந்தாலும் இதே வைத்தியம்தான். நீல மை கொட்டியிருந்தால் மட்டும் தலைகீழ்: நீலச் சேனலைப் பாருங்கள்.

சுத்தமாக இருக்கும் சேனலைத் தேர்ந்து, கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி. புதுக் கோப்பு திறந்து கண்ட்ரோல் வி. இதுதான் இனி உங்கள் அடிப்படம். ஒரு பிரஷ்ஷைக்கூடத் தொடாமல் பாதி வேலை முடிந்துவிட்டது. மஞ்சள் கறையை ஒவ்வொரு திட்டாக ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வெறும் லேயர்

இப்போது ஒரு விதி. அடிப்படத்தின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. லேயர் பேனலின் கீழே உள்ள கூட்டல் குறியைச் சொடுக்கி வெறும் லேயர் ஒன்று போடுங்கள். மேலே ஒரு கண்ணாடித் தாள் விரித்த மாதிரி. வேலை எல்லாம் அந்தத் தாளில்.

"வெறும் லேயரில் பிரஷ் எங்கிருந்து எடுக்கும்?" என்று கேட்பீர்கள். குளோன் ஸ்டாம்ப்பையோ ஹீலிங் பிரஷ்ஷையோ எடுத்ததும் மேலே ஓடும் ஆப்ஷன்ஸ் பட்டையில் சாம்பிள் என்று ஓர் இடம் இருக்கும். அதை கரண்ட் அண்ட் பிலோ என்று மாற்றுங்கள். கீழே உள்ள படத்திலிருந்து எடுத்து, மேலே உள்ள தாளில் வைக்கும். ஸ்பாட் ஹீலிங்கில் இதற்குப் பதில் சாம்பிள் ஆல் லேயர்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் டிக் போடுங்கள். லேயருக்குப் பெயரும் வையுங்கள்: மடிப்பு, புள்ளி, முகம். மூக்குத்தி போய்விட்டது என்று யாராவது கேட்டால் 'புள்ளி' லேயருக்குப் போய் அந்த ஓர் இடத்தை மட்டும் அழித்துவிட்டால் கீழேயிருந்து மூக்குத்தி மறுபடி மின்னும். இந்த அத்தியாயத்தில் இரேசர் கருவிக்கு உள்ள வேலை இது ஒன்றுதான்.

லேயர் இல்லாமலும் ஒரு தலைமுறை வேலை பார்த்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கிய நிரல்தான் போட்டோஷாப். அவர் தம்பி ஜான் நோல் அப்போது சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் ஒன்றில் இருந்தார். இருவரும் சேர்ந்து வளர்த்ததை அடோபி 1990 பிப்ரவரியில் மேக்கின்டோஷுக்காக வெளியிட்டது. லேயர் வந்தது 1994-இல், மூன்றாம் பதிப்பில். 1998-இல் ஹிஸ்டரி பேனல் வரும்வரை ஒரே ஒரு தடவைதான் அன்டு செய்ய முடியும். தப்பு செய்துவிட்டு அதற்கு மேல் இன்னொரு சொடுக்கு சொடுக்கிவிட்டால் அவ்வளவுதான். பழைய ஆட்கள் ஐந்து நிமிடத்துக்கொரு முறை வேறு வேறு பெயரில் சேமித்துக்கொண்டே இருப்பது அந்தக் காலத்துப் பழக்கம். இன்னொன்று: மென்பொருள் திறக்கும்போது ஓடும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயர் வருடக்கணக்காக வந்ததைக் கவனித்தவர்கள் இருக்கலாம். படம் ஏறும்வரை சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எங்கள் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் மனப்பாடமான பெயர் அது.

குளோனும் ஹீலிங்கும்

இந்த இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. குளோன் ஸ்டாம்ப் அப்படியே நகலெடுப்பது. ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு ஓர் இடத்தைச் சொடுக்கினால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்துத் தேய்க்கும் இடத்தில் அச்சுப் பிசகாமல் வைக்கும். ஹீலிங் பிரஷ் 2002-இல் ஏழாம் பதிப்பில் வந்தது. அதற்கும் ஆல்ட் சொடுக்குதான். ஆனால் அது எடுத்த இடத்திலிருந்து தோலின் சொரசொரப்பை மட்டும் கொண்டுவரும். வெளிச்சத்தையும் நிறத்தையும் வைக்கும் இடத்தின் சுற்றுப்புறத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கன்னத்தின் வெளிச்சப் பக்கத்திலிருந்து எடுத்து நிழல் பக்கத்தில் வைத்தாலும் ஒட்டிப்போவது இதனால்தான்.

சுற்றுப்புறத்தைப் பார்க்கிறது என்ற அந்தக் குணமே சில இடத்தில் வினையாகும். புடவை பார்டருக்குப் பக்கத்தில், கண் இமையின் கோட்டில், கறுப்பு முடியும் நெற்றியும் சேரும் இடத்தில் ஹீலிங்கை வைத்தால் பக்கத்தில் உள்ள கறுப்பையும் சேர்த்துக் குழைத்துவிடும். கண்மை கரைந்த மாதிரி ஒரு கறை நிற்கும். அந்த மாதிரி எல்லைகளில் குளோன்தான். பரந்த இடத்துக்கு ஹீலிங், எல்லைக்கு குளோன் என்று கையில் பழகிவிட்டால் போதும்.

மடிப்பு முகத்தின் மேல் போகிறது என்று வைத்துக்கொள்வோம்: இடது புருவத்தில் தொடங்கி, இமையின் ஓரத்தைத் தொட்டு, கன்னம் வழியாகத் தாடைக்கு. கண்ட்ரோல் 1 அழுத்தி நூறு சதவீதத்துக்கு வாருங்கள். ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு படத்தை இழுத்து, கன்னத்திலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் எளிது. பிரஷ் அளவு மடிப்பின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். சதுர அடைப்புக்குறிச் சாவிகள் இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்தால் விளிம்பை மென்மையாக்கும், கடினமாக்கும். மடிப்பின் நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். இழுத்த தடம் வடு மாதிரி நிற்கும். ஒரு தடவை மடிப்புக்கு மேலிருந்து எடுங்கள், அடுத்த தடவை கீழிருந்து. சின்னச் சின்னத் தட்டல்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் தோலில் ஒரே புள்ளி நாலு இடத்தில் வரிசையாகத் தெரியும், கோலப்புள்ளி மாதிரி.

இமைக்கு வந்ததும் ஹீலிங்கை வைத்துவிட்டு குளோனை எடுங்கள். விளிம்பு பாதிக் கடினம், பிரஷ் ஐந்தாறு பிக்சல். இமைக் கோட்டின் மேலேயே, மடிப்புக்கு ஒரு பக்கத்தில் ஆல்ட் சொடுக்கு. கோடு எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் கொண்டுவந்து மறுபக்கத்தோடு சேருங்கள். இரண்டு கோடும் சரியாகச் சேரவில்லை என்றால் கண்ட்ரோல் இசட். எனக்கு இன்றைக்கும் ஏழெட்டுத் தடவை ஆகிறது.

ஒரு கண் மொத்தமாகப் போய்விட்டால் மறுகண்ணை நகலெடுத்துத் திருப்பி வைக்கும் பழக்கம் உண்டு. வேறு வழியில்லாதபோது செய்யலாம். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கண்மணியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். அப்படியே திருப்பி வைத்தால் வெள்ளைப் புள்ளிகள் இரண்டும் எதிர்எதிர்ப் பக்கம் நிற்கும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ மாறுகண் மாதிரி இருக்கிறது என்பார்.

மாஸ்க்: மறைப்பது வேறு, அழிப்பது வேறு

பின்னணிச் சுவரில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டிருந்தால் பதினாறாம் நாள் போய் நாற்பதாம் நாள் வந்துவிடும். இங்கேதான் மாஸ்க்கைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடிப்படத்தின் லேயரில் நின்று கண்ட்ரோல் ஜே அழுத்தினால் அதற்கு நகல் வரும். நகலில் ஃபில்டர் மெனு, நாய்ஸ், டஸ்ட் அண்ட் ஸ்கிராட்சஸ். ரேடியஸைப் புள்ளிகள் மறையும்வரை மெல்ல ஏற்றுங்கள். புள்ளி எல்லாம் போய்விடும். கூடவே முகமும் மெழுகு உருகிய மாதிரி ஆகிவிடும். பயப்பட வேண்டாம். லேயர் பேனலின் கீழே உள்ள மாஸ்க் குறியை ஆல்ட் சாவியோடு சேர்த்துச் சொடுக்குங்கள். லேயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வரும், படம் பழையபடி ஆகிவிடும். அந்த நகல் எங்கும் போகவில்லை, கறுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

இப்போது பிரஷ்ஷில் வெள்ளையை எடுத்துச் சுவரின் மேல் தேயுங்கள். தேய்த்த இடத்தில் மட்டும் சுத்தமான நகல் வெளியே வரும். தோளின் மேல் கை தவறிப் பட்டுவிட்டதா? எக்ஸ் சாவியைத் தட்டினால் வெள்ளையும் கறுப்பும் இடம் மாறும். கறுப்பால் தேய்த்தால் தோள் பழையபடி திரும்பிவிடும். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். மாஸ்க்கின் இலக்கணம் முழுவதும் இவ்வளவுதான். எங்கே தேய்த்தோம், எங்கே விட்டோம் என்று குழம்பினால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க் பெட்டியைச் சொடுக்குங்கள், மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். விடுபட்ட தீவுகள் கண்ணில் படும்.

மாஸ்க்கில் தவறு நேர்வது பெரும்பாலும் ஒரு விஷயத்தில்தான்: படத்தின் மேல் சொடுக்கி இருக்கிறோமா, மாஸ்க்கின் மேல் சொடுக்கி இருக்கிறோமா என்று பார்க்க மறந்துவிடுவது. அப்போது பிரஷ் படத்தின் மேலேயே வெள்ளையடித்துவிடும். எந்தப் பெட்டியைச் சுற்றிக் கட்டம் இருக்கிறதோ அதில்தான் வேலை நடக்கிறது. தேய்ப்பதற்கு முன்னால் ஒரு பார்வை.

வெளிச்சம்

புள்ளியும் மடிப்பும் போனபின் படம் சுத்தமாக இருக்கும், ஆனால் சாம்பலாகக் கிடக்கும். அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் லெவல்ஸ் போடுங்கள். மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும்; பழைய படத்தில் அந்த மலை நடுவில் குவிந்து இரண்டு ஓரமும் காலியாக இருக்கும். கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் வெள்ளை முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்தினால் படத்துக்கு உயிர் வரும். நகர்த்தும்போது ஆல்ட்டை அழுத்திக்கொண்டால் எங்கே விவரம் சாகிறது என்று திரையில் காட்டும். வெள்ளை வேட்டியின் மடிப்பும் விபூதிப் பட்டையும் முதலில் சாகும் இடங்கள். அவை தெரிய ஆரம்பித்ததும் கையை நிறுத்தி, சற்றுப் பின்வாங்குங்கள்.

முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றால் கர்வ்ஸ் லேயர் போட்டு நடுவில் லேசாகத் தூக்கி, அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, முகத்தின் மேல் மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் தேயுங்கள். மேலே சுவருக்குச் செய்த அதே வேலைதான்.

கருவிப்பட்டையில் டாட்ஜ், பர்ன் என்று இரண்டு உண்டு. ஒன்றின் படம் குச்சியில் செருகிய வட்டம், இன்னொன்று குவித்த கை. இரண்டும் இருட்டறையிலிருந்து வந்தவை. என்லார்ஜரின் வெளிச்சம் காகிதத்தில் விழும்போது, கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் முகத்தை மறைத்து ஆட்டினால் அங்கே வெளிச்சம் குறைந்து முகம் வெளுப்பாக வரும். கையைக் குவித்து ஓட்டை வழியே கூடுதல் வெளிச்சம் விட்டால் அந்த இடம் கறுக்கும். டார்க் ரூமில் நின்றவர்களுக்கு இந்தக் குறிகளைப் பார்த்தால் ஹைப்போ வாசம் அடிக்கும். கருவி நல்லதுதான், ஆனால் அது நேராகப் படத்தையே மாற்றும். அதற்குப் பதில், புது லேயர் குறியை ஆல்ட்டோடு சொடுக்கி, மோடை ஓவர்லே என்று வைத்து, 50 சதவீதச் சாம்பலால் நிரப்பச் சொல்லுங்கள். அந்தச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் பத்து சதவீத ஒப்பாசிட்டியில் வெள்ளையால் தேய்த்தால் டாட்ஜ், கறுப்பால் தேய்த்தால் பர்ன். கண்ணின் வெள்ளை, மூக்கின் தண்டு, கம்மலின் கல் என்று மூன்று நான்கு தொடலில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுருக்கங்களில் கை வைக்காதீர்கள். எழுபது வயதில் இருக்க வேண்டிய சுருக்கம் அது.

மற்றவை

வெட்டி எடுக்க குவிக் செலக்‌ஷன், பின்னணி மாற்ற சிலெக்ட் அண்ட் மாஸ்க், தோள் மாதிரி வழவழப்பான கோடுகளுக்குப் பென் டூல். பென் டூலுக்கு ஒரே அறிவுரை: புள்ளிகளைக் குறைத்து வையுங்கள். தோளுக்கு மூன்று புள்ளி போதும். பதினைந்து வைத்தால் தோள் கத்திரிக்கோலால் வெட்டிய அட்டை மாதிரி இருக்கும். இவற்றை ஆல்பம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கலாம்.

போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள் கிம்ப் வைத்துக்கொள்ளலாம், இலவசம். மேலே சொன்ன வேலைகள் பெரும்பாலும் அதிலும் நடக்கும். குளோனிலும் ஹீலிங்கிலும் ஆல்ட் சொடுக்குக்குப் பதில் அங்கே கண்ட்ரோல் சொடுக்கு.

"இதெல்லாம் எதுக்கு, ஏஐ ஒரு சொடுக்கில் பண்ணிடுமே" என்று கேட்பவர்களுக்கு: பண்ணும். 2010-இல் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தபோது சுவரும் புல்தரையும் நிரப்புவதற்கு அதைவிட நல்ல துணை இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லும் கிழிந்த மூலைக்கு, தோளுக்குக் கீழே இல்லாத புடவைக்கு எல்லாம் உதவுகிறது. முகத்துக்கு மட்டும் விடமாட்டேன். அது போன கண்ணைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. எங்கோ பார்த்த ஆயிரம் கண்களிலிருந்து ஒன்றைச் செய்து வைக்கிறது. அழகான கண்தான், யாருடைய கண் என்று கேட்டால் பதில் கிடையாது. மாலை போடப்போகும் வீட்டில் அதை மாட்டக்கூடாது.

ஒப்படைக்கும் முன்

லேயர்களோடு பிஎஸ்டியாக ஒரு நகலைச் சேமித்து வையுங்கள். ஜேபெக் ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதனால் அதைக் கடைசியில், லேபுக்கு அனுப்பும்போது மட்டும், ஆர்ஜிபிக்கு மாற்றி எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு ஒரே தடவை எடுங்கள். அளவு மாற்றியபிறகுதான் அன்ஷார்ப் மாஸ்க். முன்னால் போட்டால் பெரிதாக்கும்போது விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு கட்டும்.

பிரின்ட் போடுமுன் திரையில் ஒரு தடவை வீட்டுக்காரர்களிடம் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு பேர் வரட்டும். மகன் கவனிக்காததை மருமகள் கவனிப்பார். கம்மல் மாறிவிட்டது, பொட்டு பெரிதாகிவிட்டது என்று ஏதாவது சொல்வார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. லேயர் இருப்பதால் ஐந்து நிமிட வேலை.

அசலைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் பில் நம்பர் எழுதாதீர்கள். எழுத்தின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும். கவரின் மேல் எழுதுங்கள், அதுவும் படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னால்.